செட்டிநாட்டு வீட்டில் பிரஷர்: அளப்பதும் சொல்லிக்கொடுப்பதும்

ரத்தக்கொதிப்பு உள்ளவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. 170/100 இருக்கிற ஒருவர் காரைக்குடிச் சந்தைக்குப் போய், பை நிறையக் காய் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்பிவிடுவார். தலை வலித்தால்தான் பிரஷர் ஏறியிருக்கிறது என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. தலை வலிக்காத நாளில் மாத்திரையை விட்டுவிடுவதும் அதனால்தான். இப்படிப்பட்டவரிடம் "தினமும் மாத்திரை போடுங்க, உப்பைக் குறைங்க" என்று இரண்டு வரி சொல்லி அனுப்பினால் ஒன்றும் நடக்காது. மாத்திரை எழுதுவது டாக்டர் வேலை. அளவு சரியாக எடுக்கப்பட்டதா, மாத்திரை நாள் தவறாமல் உள்ளே போகிறதா, அந்த வீட்டு அடுப்படியில் உப்பு எவ்வளவு விழுகிறது என்பதையெல்லாம் பார்ப்பது நர்ஸின் வேலை, வீட்டில் கூட இருப்பவரின் வேலை. நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கும், பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. தப்பாக எடுத்த ஒரு அளவு வேண்டாத மாத்திரையைக் கூட்டிவிடும், அல்லது வேண்டிய மாத்திரையைத் தள்ளிப்போட்டுவிடும். ஆஸ்பத்திரியில் வேறு வேறு நாளில் எடுத்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் ரத்தக்கொதிப்பு என்று முடிவு செய்கிறோம். வீட்டில் அமைதியாக எடுக்கும் அளவுக்கு அந்தக் கோடு 135/85. இரண்டு எண்ணில் எது தாண்டினாலும் கணக்குத்தான். "கீழ் நம்பர் நார்மலாத்தானே இருக்கு" என்று 168/78-ஐ விட்டுவிடுவது வயதானவர்கள் விஷயத்தில் அடிக்கடி நடக்கிறது. வயது ஏற ஏறப் பெரிய ரத்தக்குழாய்கள் விறைத்துப்போவதால் மேல் எண் மட்டும் ஏறுவதுதான் அவர்களிடம் வழக்கம். பக்கவாதத்துக்கு அது ஒன்றே போதும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, டீ கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் ஆச்சிமார் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நிக்கோட்டின் உடனே ஏற்றிக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். பிறகு முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கூடத்தில், தொங்கும் ஊஞ்சலில் உட்கார்ந்து எடுப்பது வேண்டாம்: முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கால் தொங்கும், உடம்பு ஆடாமல் இருக்கத் தசை இறுகும். திண்ணையில் சம்மணம் போட்டு எடுப்பதும் அப்படித்தான். கை மேஜைமேல் இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். கை கீழே தொங்கினால் அளவு கூடும், தூக்கிப் பிடித்தால் குறையும். பட்டை கட்டும்போது ரவிக்கைக் கையை மேலே சுருட்டி இறுக்கிவிடக் கூடாது, சட்டைமேல் கட்டவும் கூடாது. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறுங்கையில் கட்ட வேண்டும்.

பட்டையின் அளவைப் பலர் கவனிப்பதே இல்லை. மேற்கையின் நடுவில் தையல் டேப்பால் சுற்றளவு எடுங்கள். 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சாதாரணப் பட்டை. அதற்கு மேல் 42 வரை பெரிய பட்டை. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ பிள்ளைகள் வாங்கிவந்த மெஷின் பல வீடுகளில் இருக்கிறது. நல்ல மெஷினாகவே இருக்கும், ஆனால் பெட்டியோடு வந்த பட்டை ஆச்சியின் கைக்குப் பொருந்துகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷினைவிட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. வருஷத்துக்கு ஒரு முறை அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், அங்குள்ள கருவியோடு ஒரே உட்காரலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கையால் எடுக்கும் நர்ஸுகளுக்கு ஒரு வார்த்தை. 1905-இல் ரஷ்ய டாக்டர் கோரட்காஃப் சொல்லிவைத்த ஒலிகளைத்தான் இன்றும் ஸ்டெத்தில் கேட்கிறோம். நேராகக் காற்றை ஏற்றிக் கேட்கத் தொடங்காமல், முதலில் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு, அது மறையும் இடத்துக்கு மேல் 30 வரை ஏற்றுங்கள். சிலருக்கு நடுவில் ஒலி நின்று மறுபடி கேட்கும். நாடி பிடிக்காவிட்டால் அந்த இடைவெளியில் ஏமாந்து 190-ஐ 150 என்று எழுதிவிடுவோம். காற்றை நொடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்க வேண்டும். ஒலி தொடங்குவது மேல் எண், அடியோடு நிற்பது கீழ் எண். 140, 150 என்று சுழியத்தில் முடித்து எழுதும் பழக்கம் வார்டு சார்ட்டுகளில் மலிந்திருக்கிறது. 144 என்றால் 144 என்றே எழுத வேண்டும். முதல் தடவை இரண்டு கையிலும் எடுத்து, எது அதிகமோ அந்தக் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்த வேண்டும். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா வைத்த (ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த) கையில் கட்டவே கூடாது. நாடி தாறுமாறாகத் துடித்தால் மெஷின் அளவை நம்பாமல் கையால் மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டு, நாடி விஷயத்தை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் தினமும் நாலைந்து தடவை எடுத்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள் எடுத்தால் போதும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், மாத்திரைக்கும் பலகாரத்துக்கும் முன்னால், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை. இரவு சாப்பாட்டுக்கு முன் அதேபோல் இரண்டு முறை. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி. நல்ல எண்ணை மட்டும் நோட்டில் எழுதும் பழக்கம் மனித இயல்பு. ஆகவே நோட்டோடு மெஷினையும் கொண்டுவரச் சொல்லுங்கள், அதன் நினைவகத்தில் எல்லாம் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் அனுப்புவதும் இந்தச் சராசரியாக இருக்கட்டும். ஒற்றை அளவின் படத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே "இன்னொரு மாத்திரை போட்டுக்கங்க" என்று சொல்வது ஆபத்தானது. பிள்ளைகளின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கூட இருந்து பார்க்கும் டாக்டர் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

இனி உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். இதை நோயாளியிடம் சொன்னால் தலையாட்டுவார். ஆனால் சமைக்கிற கை டீஸ்பூனால் அளப்பதில்லை, கல்லுப்பை அள்ளித்தான் போடுகிறது. அதனால் நாளைக் கணக்கை விட்டுவிட்டு மாதக் கணக்குக்கு வாருங்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு மாதம் 300 கிராம், அதாவது ஒரு கிலோ உப்பு மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். நாலு பெரியவர்கள் என்றால் ஒரு கிலோ 50 நாள். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதச் சொல்லுங்கள். தீரும் நாளில் உண்மை தெரிந்துவிடும். இந்தக் கேள்வியைச் சமைப்பவரிடம் கேட்க வேண்டும். ஐயாவுக்குப் பிரஷர் என்றால் அறிவுரையும் ஐயாவுக்கே போகிறது, உப்பு ஜாடியோ ஆச்சியிடமோ சமையல்காரம்மாவிடமோ இருக்கிறது. அவர் கூட வராவிட்டால் போனிலாவது பேச வேண்டும்.

பாக்கெட் கணக்கில் வராத உப்பு இந்த ஊரில் நிறைய. மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், மாவடு, எலுமிச்சை ஊறுகாய், உப்புக்கண்டம், கருவாடு எல்லாமே கெடாமல் இருப்பதற்காகவே உப்பில் கிடந்தவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியந்தான். தேன்குழல், சீப்புச் சீடை, முறுக்கு டப்பா மத்தியான டீயோடு திறந்தால் மூடுவதில்லை. கூடவே கடை பிஸ்கட்டும் பன்னும். நெஞ்செரிச்சலுக்குக் கரைத்துக் குடிக்கும் நுரைப் பொடியிலும் சோடியம் இருக்கிறது. காலைப் பலகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: இட்லி மாவில் உப்பு, சாம்பாரில், சட்னியில், மிளகாய்ப் பொடியில் என்று நாலு இடத்தில். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் ஒன்றையும் நிறுத்த மாட்டார்கள். நான் கேட்பது இது: மாவுக்கு உப்பு வேண்டும், புளிப்பதற்கும் ருசிக்கும் இருக்கட்டும். சட்னியில் உப்பைப் பாதியாக்கலாமா? பொடியை இரண்டு நாளுக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளலாமா?

காரக்குழம்பும், அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டியும் ருசிக்க உப்பு கேட்பது புளியாலும் காரத்தாலும். புளியைக் குறைத்துக் கரைத்தால் உப்பும் தானாகக் குறையும். கொதிக்கும்போது போடாமல் இறக்கும் சமயத்தில் போட்டால் குறைந்த உப்பே நாக்குக்குத் தெரியும். சோம்பு, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை என்று வாசனைக்குப் பஞ்சமில்லாத சமையல் நம்முடையது. உப்புக் குறைந்தாலும் தாங்கும். ஒரேயடியாகப் பாதியாக்கினால் மூன்றாம் நாள் பழைய கைக்கே போய்விடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு படி இறக்கினால் நாக்கு பழகிக்கொள்ளும். சாந்தி கல்யாணம், புதுமனை விருந்து என்று இலையில் உட்கார்ந்தால், ஊறுகாய் வைத்த மூலையைத் தொடாமல் விடுவதும், அப்பளம் ஒன்றோடு நிறுத்துவதும், மோரில் உப்புப் போடாமல் குடிப்பதும் போதும். விருந்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இந்துப்பு போடுறோம், அதுல பிரஷர் வராதாம்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், அளவு அளவுதான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் கிடைப்பது பொட்டாசியம் குளோரைடு கலந்தது. அது பலருக்கு நன்மை செய்யும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இருமலுக்கு அதிமதுரம் நாட்கணக்கில் சுவைப்பதும், கஷாயமாகக் குடிப்பதும் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நாட்டு மருந்துதானே என்று நினைத்து இதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி: "இப்ப 130/80 தானே இருக்கு, இன்னும் எதுக்கு மாத்திரை?" மாத்திரை போடுவதால்தான் 130 என்று நேராகச் சொல்லுங்கள். நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே ஏறும். அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். ஒரு நாள் மறந்துவிட்டால், அன்றைக்கே நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய மாத்திரை மட்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கந்த சஷ்டி விரதமானாலும் பிள்ளையார் நோன்பானாலும் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதை நிறுத்தக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும் பிரஷர் மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். சர்க்கரை மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொண்டு இரண்டையும் விட்டுவிட்டு வருகிறார்கள்.

அம்லோடிபின் சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்கலாம். கிட்னி போய்விட்டது என்று பயந்து மருந்தை நிறுத்துபவர்கள் அதிகம். பெரும்பாலும் அது மருந்தின் பக்கவிளைவு, டாக்டர் அளவைக் குறைத்தோ மாற்றியோ சரி செய்வார். மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. எனலாப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இருமல் மருந்து பாட்டில் பாட்டிலாகப் போகும், காரணம் மாத்திரையில் இருக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகளைக் காலையில் போட வேண்டும், இல்லையென்றால் இரவெல்லாம் எழ வேண்டியிருக்கும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு தடவையும் கேட்டே தீர வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் வழியாக மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதோடு மதுரை டாக்டர் எழுதிய கம்பெனி மாத்திரையும் இருக்கும். அட்டையின் சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டும் டெல்மிசார்டனாகவே இருக்கும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, நோட்டில் ஒவ்வொரு மருந்தின் காலி அட்டைத் துண்டையும் ஒட்டிப் பக்கத்தில் "காலை 1" என்று தமிழில் எழுதுங்கள். பிறகு திருப்பிக் கேளுங்கள்: "ஆச்சி, நாளைக்குக் காலையில இதுல எதை எதைப் போடுவீக? எடுத்துக் காட்டுங்க." ஆச்சி தப்பாக எடுத்தால், சொன்ன விதம் சரியில்லை என்று பொருள். வேறு விதமாகச் சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். ஏழு நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவைப்பது நல்ல பழக்கம்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பையே பிரஷர் நோயாளிக்காக ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். வளவில் தரையில் பாய் போட்டுப் படுக்கும் பெரியவர், இரவு இரண்டு மணிக்குப் பின்கட்டில் இருக்கும் கழிவறைக்குப் போக எழுகிறார். மாத்திரையின் வேகத்தில், எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும். நடுவில் உயரமான நிலைப்படிகள், முற்றத்துப் படி, ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல். இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். கட்டிலுக்கு மாற்றுங்கள். எழுந்ததும் இரண்டு நிமிஷம் விளிம்பில் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டிவிட்டு நிற்கட்டும். வழியில் இரவு விளக்கும், படிக்கருகே கைப்பிடியும் வேண்டும். நர்ஸ் செய்ய வேண்டியது, ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஓர் அளவு, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் ஓர் அளவு. மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். புராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடும் ஆண்களிடம் இது கட்டாயம். சித்திரை வெயிலில், அல்லது வாந்தி பேதி வந்தால், நீர் மாத்திரையோடு டெல்மிசார்டனும் சேர்ந்து அழுத்தத்தை அதிகமாக இறக்கும். அன்றைக்கு டாக்டரைக் கேட்டு மருந்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம்.

மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தால் அவளுக்கு வேறு கணக்கு. 20 வாரத்துக்குப் பிறகு 140/90 தொட்டாலே அன்றைக்கே ஆஸ்பத்திரி. 160/110, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எது வந்தாலும் அவசரம். டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை கர்ப்பத்தில் கூடவே கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மாற்றிவிட வேண்டும்.

மெஷின் 190/115 காட்டுகிறது, உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் பதற வேண்டாம். ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி எடுங்கள். மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள், விட்டிருந்தால் வழக்கமான மாத்திரையைக் கொடுத்து, அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். நிஃபெடிபின் கேப்சூலை உடைத்து நாக்கடியில் விடுவது பழைய பழக்கம், விட்டொழிக்க வேண்டியது. அழுத்தம் சட்டென்று விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போகும். வார்டில் நரம்பு வழியாக மருந்து கொடுக்கும்போதுகூட, முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தில் கால்பங்குக்கு மேல் இறக்குவதில்லை, மகாதமனி கிழிந்தது போன்ற சில நிலைகளைத் தவிர. அந்த நேரத்தில் நர்ஸ் ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அளவையும், நினைவையும், கண் பாவையையும், மணிக்கொரு முறை சிறுநீரின் அளவையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் ஒரு பக்கம் தளர்வது, பேச்சு குழறுவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை போவது, வலிப்பு, நினைவு தடுமாறுவது இவற்றில் ஒன்று இருந்தால் 108. பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நேரத்தைப் போக்கக் கூடாது. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் பயன்படும். எனவே கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது, புரையேறும். ஒட்டிவைத்த மாத்திரை நோட்டு ஆளோடு கூடவே போகட்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்கு இது தனி. போவதற்கு ஒரு மாதம் முன்பே பிரஷர், ஈ.சி.ஜி பார்த்துவிடுங்கள். பழகாத கால் திடீரென்று நடக்கக் கூடாது, தினம் அரை மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாத்திரை, பயண நாளுக்கும் அதற்கு மேல் மூன்று நாளுக்கும் சேர்த்து, இடுப்புப் பையில் இருக்கட்டும். மூட்டை வண்டியில் போட்டால் வண்டி முன்னால் போய்விடும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் அந்த நாட்களுக்கு அளவு மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். காலில் கொப்புளம், முழங்கால் வலி என்று வழியில் யாராவது வலி மாத்திரை நீட்டினால், பாராசிட்டமால் என்றால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.